தட்டினால் விழும் ஈக்கள்

குப்பியை, குலுக்குகிற மெஷினின் ரப்பர்க் குழிவில் வைத்து இடது கையால் பிடித்தாகிவிட்டது, வலது கை விரல் பொத்தானின் மேல் இருந்தது, அழுத்த வேண்டியதுதான், இத்தனை வருஷமாக அழுத்திப் பழகிய விரல்தான், ஆனாலும் உலகம்மாள் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் குப்பிக்குள் கொஞ்சம் பழ ஈக்கள். பழுத்த வாழைத்தாரைச் சுற்றிக்கொண்டு திரியுமே, எள்ளு அளவில், சிவந்த கண்ணோடு, அதே ஈதான். சுவரில் ஏறுவதும் மேலே பஞ்சு மூடியைத் தொட்டுவிட்டு இறங்குவதுமாக இருந்தன. ஒன்று மட்டும் பாதிச் சுவரில் நின்று முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டிருந்தது, சாப்பிடக் கூப்பிட்டதும் கை கழுவிவிட்டு வருகிறவன் மாதிரி. அதற்கு ஒன்றும் தெரியாது. சாதாரண ஈயைக் குலுக்கினால் கொஞ்சம் தடுமாறிவிட்டு அது பாட்டுக்குப் பறக்கும். இவை அந்த வகை இல்லை. இவற்றைக் குலுக்கினால், ஏன், குப்பியை மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாலே போதும், மொத்தமாக விழும். மல்லாந்து, ஆறு காலும் இறக்கையும் வெடவெடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு அடங்கிச் செத்த மாதிரிக் கிடக்கும். பிறகு திரும்ப ஒரு துடிப்பு. அதன்பின் எழுந்து நின்று, நடந்தது எதுவும் தன்னைச் சேர்ந்ததில்லை என்பதுபோல் இறக்கையைக் கோதிக்கொள்ளும். நரம்புக்குள் உப்பு போய்வருகிற வாசல் ஒன்று கோணலாக இருப்பதால் வருகிற வினை. அந்தக் கோணல் வாசலைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள், அந்த வேனில் உலகம்மாளுக்கு ஜன்னலோர இருக்கை உண்டு. அழுத்து. விரல் அழுத்தவில்லை. பக்கத்து அறையில் ரிஸ்வானா எதையோ கழுவுகிற சத்தம் கேட்டது. ரிஸ்வானாவுக்கு இது கடைசி வருஷம், ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று, அவர்கள், எல்லாம் சரி, ஆனால் வயதான ஈக்களிலும் இதைச் செய்து காட்டுங்கள் என்று கேட்டுவிட்டார்கள், இது வந்தால்தான் அந்தப் பெண்ணுக்குப் பட்டம். "நானே பண்ணிடறேன் மேடம், நீங்க இன்னும் ரெண்டு நாள் லீவு போடுங்க" என்று காலையில் சொன்னாள். "இல்லம்மா, நான் பண்றேன்" என்று உலகம்மாள்தான் சொன்னாள். தம்பியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து தென்காசியிலிருந்து ரயில் ஏறி வந்து இறங்கிய மறுநாள். வீட்டில் என்ன செய்வது. வீட்டில் அவனுடைய செருப்பு இருந்தது.

செருப்பு. செருப்பை எடுத்து மூக்கில் வையுங்க என்று ஒரு ஆள் சொன்னார், தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், அவர் முகம் மறந்துவிட்டது, வேட்டியின் பச்சைக் கரை மறக்கவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பு, தம்பி குற்றாலிங்கம் மூன்றாவது. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து செங்கோட்டை பஸ்ஸுக்காக நிற்கிறார்கள், அவன் அவள் கையைப் பிடித்து "யக்கா, என்னமோ வாடை அடிக்கி" என்றான், என்ன வாடைல என்று அவள் குனிவதற்குள் கை நழுவியது. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தார், விரல்கள் சாவியைக் கவ்விப் பிடித்தன, அதைப் பார்த்து எல்லோரும் ஆ, இரும்பு வேலை செய்யுது என்றார்கள். அவன் கால்சட்டை நனைந்தது. அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள், தன் புத்தகப் பையை எடுத்து அவன் மடிமேல் வைத்து மறைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், பஸ் வந்தது, போனது, அடுத்த பஸ்ஸும் போனது. அவன் கண்ணைத் திறந்து பார்த்து, "யக்கா, பஸ்ஸு வந்துட்டா?" என்று கேட்டான். அன்றைக்கு ராத்திரி அம்மா அழுதாள், அப்பா அழவில்லை, வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். அதற்குப் பிறகு அது வீட்டோடு குடியிருக்க வந்துவிட்டது. யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வந்துட்டு, போயிட்டு, என்றே பேசினார்கள், மாமாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி. வந்துவிட்டுப் போனால் கொஞ்ச நாளைக்குத் திரும்ப வராது, அதை வீட்டில் எல்லோரும் கவனித்துவைத்திருந்தார்கள். அதனால் சித்தி கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று அம்மா திண்டாடிக்கொண்டிருந்தபோது கல்யாணத்துக்கு முந்தின நாள் அவன் விழுந்தான், அம்மா அவன் வாயைத் துடைத்துக்கொண்டே, "வந்துட்டுப் போயிட்டுல்லா, இனி பயமில்ல, ஏட்டி உலகு, பொட்டியக் கட்டு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சந்தோஷமாக. குழந்தைக்கு வலிப்பு வந்துபோனதற்கு ஒரு தாய் சந்தோஷப்பட்டாள், அந்தக் கல்யாணத்தில் லிங்கம் பந்தியில் இரண்டு தடவை உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டான். இந்த ஈக்களும் அப்படித்தான், ஒருமுறை விழுந்து எழுந்தால் உடனே மறுபடி குலுக்கினாலும் விழாது, நரம்பு கொஞ்ச நேரத்துக்கு எதற்கும் மசியாது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் முதன்முதலாக அதைப் படித்த அன்று அவளுக்கு மனசில் வந்தது அந்தப் பெட்டிதான், அம்மாவின் பட்டுப்புடவையை அதில் தான் மடித்து வைத்ததுதான்.

மேற்படிப்புக்கு அவள் போனது ரொம்ப தூரத்து ஊர், ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே சூடாக்கின காற்று, மூக்கு வறண்டு வெடித்துவிடும். பூச்சிகளின் நரம்பைப் படிக்கத்தான் அவள் போனாள், எந்தப் பூச்சி என்று முடிவாகவில்லை, வெட்டுக்கிளியின் காதைப் படிக்கலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. பேராசிரியர் நல்ல மனுஷர், புதிதாக வந்தவர்களுக்கு ஈ அறையைச் சுற்றிக் காட்டினார், ஒரு குப்பியை எடுத்து, இதைப் பாருங்கள் வேடிக்கை என்று மேஜையில் தட்டினார். ஈக்கள் விழுந்தன. கூட வந்தவர்கள் சிரித்தார்கள், சிரிப்பு வரத்தான் செய்யும், குடித்துவிட்டு ஆடுகிற மாதிரித்தான் இருக்கும். உலகம்மாளும் சிரித்தாள் என்றுதான் நினைவு. பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது, கையை எடுக்கத் தோன்றவில்லை. திரும்பி வந்து, எனக்கு இந்த ஈ வேண்டும் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். பிடித்திருக்கிறது என்றாள். பிடித்திருக்கிறதாம். அந்தப் பிடிப்பு முப்பது வருஷம். அந்த நரம்பு தலைமயிரைவிட மெல்லியது, அதில் கண்ணாடி ஊசியைச் செருகி, உள்ளே ஓடுகிற மின்சாரத்தைத் திரையில் கோடாக வரைய வைத்தாள், விழும்போது கோடு காடாக எழும்பும், அடங்கும்போது ஒரே தரை. லிங்கத்துக்கும் தலையில் ஒயர் ஒட்டி இதே மாதிரி கோடு எடுத்தார்கள், மதுரை ஆஸ்பத்திரியில், அவள் லீவில் வந்திருந்தபோது. "இதுக்குப் பேரு என்னக்கா?" "ஈ.ஈ.ஜி." "ரெண்டு ஈயா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் ஒட்டின ஒயர் கழன்றுவிட்டது, நர்ஸ் அவனைத் திட்டினாள். நல்லவேளை, அவனுக்குச் சிரிக்கத் தெரிந்தது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தம்பிக்கு என்னமோ சீக்காமே என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனபோதும் அவன், "யக்கா, அந்த மாப்பிள்ளைக்கு முன்பல்லு பாத்தியா, ஒனக்கு நல்ல காலம்" என்றான், சொல்லிவிட்டு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போய் ரொம்ப நேரம் வரவில்லை. சென்னைக்குத் திரும்பி வந்து சொந்தமாக லேப் தொடங்கிய சில வருஷத்தில், விழுகிற ஈயோடு வேறொரு கோணல் உள்ள ஈயைச் சேர்த்தால் பிறக்கிற குஞ்சுகள் விழுவதில்லை என்று கண்டுபிடித்தாள். குலுக்கினாள், விழவில்லை. திரும்பத் திரும்பக் குலுக்கினாள், மெஷின் சூடாகிவிட்டது, விழவில்லை. அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டாள். அம்மாவுக்குப் புரியவில்லை, லிங்கம் போனை வாங்கினான். "அப்போ எனக்கு எப்பக்கா?" "ஈக்குத்தாம்ல வந்திருக்கு. மனுசனுக்கு வர நாளாகும்." "நான் ஈயாப் பொறந்திருக்கலாம் போல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எலிக்குப் போனபோது அந்தக் கண்டுபிடிப்பு நின்றுவிட்டது, எலிக்கு அது உதவவில்லை, பெரிய ஊர்களில் பெரிய ஆட்கள் செய்து பார்த்து உதவவில்லை என்று எழுதிவிட்டார்கள். அதையும் அவனிடம் சொன்னாள். மறைக்கவில்லை. எதையுமே அவனிடம் மறைத்ததில்லை, அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக, மறைத்திருக்கலாமோ, இன்னும் கொஞ்ச நாள்தான் லிங்கம், அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கலாமோ.

அம்மா போனபிறகு அவனைச் சென்னைக்குக் கூட்டிவந்துவிட்டாள். குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒன்று அவனுக்கு. சும்மா வீட்டில் உட்காரமாட்டேன் என்றான், தினக்கூலிக்கு ஈக்களுக்குத் தீனி கிண்டுகிற வேலையை வாங்கிக்கொடுத்தாள். சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடற்பாசி, எல்லாம் போட்டுக் கூழாகக் கிண்டி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் புளித்த நெடி அடிக்கிற ஒரு மருந்தை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் குப்பி குப்பியாக ஊற்ற வேண்டும். அடுப்புப் பக்கம் அவனைத் தனியாக விடுவதில்லை, எப்போதும் கூட ஒரு ஆள். பெரிய கைகாரன் என்றெல்லாம் சொல்ல முடியாது, மாதத்தில் ஒரு தடவையாவது அடிபிடிக்கவிட்டுவிடுவான், ரிஸ்வானா சண்டைக்கு வருவாள், "லிங்கம் அண்ணா, உங்க ஈங்களே இத சாப்பிடாது" என்பாள். அவன் உடம்பிலிருந்து அந்தப் புளித்த நெடி போகவே போகாது, சாயங்காலம் குளித்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாலும் அடிக்கும். இந்தக் குப்பியில் இருக்கிற ஈக்கள் புழுவாக இருந்து தின்றது அவன் கிண்டின தீனிதான், இவை முட்டை பொரிந்த வாரம் அவன் இருந்தான். நினைக்காதே. விரலைப் பார். ஒருநாள் மத்தியானம் தீனி கிண்டிவிட்டு வந்து இதே ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றான், அவள் குலுக்கினாள், ஈக்கள் விழுந்தன. அவன் அதை அதற்குமுன் நூறு தடவை பார்த்திருப்பான், அன்றைக்கு என்னமோ குனிந்து கண்ணைக் குப்பியோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். "யக்கா, அதுக்குத் தெரியுமா?" "எதுல?" "விழுந்து கெடக்கும்போது. கெடக்கோம்னு அதுக்குத் தெரியுமா?" அவளிடம் ஒரு பதில் இருந்தது, கூட்டங்களில் யாராவது எழுந்து பூச்சிக்கு வலிக்குமா என்று கேட்டால் சொல்வதற்கென்று வைத்திருந்த பதில், நரம்பு இத்தனை, மூளை இத்தனை, தெரியாது என்பதை வேறு வேறு வார்த்தையில் சொல்கிற பதில். அதையே சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "எனக்குத் தெரியாதுக்கா. மொதல்ல ஒரு வாடை, ஈரச் சுண்ணாம்பு மாதிரி. அப்புறம் ஒண்ணும் கெடையாது. இருட்டுன்னுகூடச் சொல்லமுடியாது, இருட்டுன்னா தெரியும்லா. அப்புறம் நீ. கண்ண முழிச்சா ஒம் மூஞ்சிதான்" என்றான். மூஞ்சிதான். இத்தனை வருஷத்தில் அவனிடம் அதைக் கேட்கவேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை. ஈயிடம் கேட்க முடியாது என்பதால் கோடு வரைந்தாள், கேட்கக்கூடிய ஒருத்தன் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் என்ன கேட்டிருப்பாள். ஒண்ணும் கெடையாது என்றுதானே சொன்னான்.

அடுத்த அறை. கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். கட்டிலைச் சுவரோடு போட்டு, பக்கத்தில் கீழே மெத்தை விரித்து, தூக்கத்தில் வந்து விழுந்தாலும் அடிபடக்கூடாது என்று எல்லாம் செய்துதான் வைத்திருந்தாள். அவள் தூக்கம் தூக்கமே இல்லை, காது மட்டும் விழித்திருக்கும், எச்சில் தட்டில் கரண்டி சரிந்தால் எழுந்துவிடுவாள், பக்கத்து மரத்தில் மட்டை விழுந்தால் எழுந்துவிடுவாள், அவன் கட்டில் கிறீச்சிட்டால் அவள் கால் அதற்கு முன்னாலேயே தரையில் இருக்கும். அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல தூக்கம், வேறு வார்த்தை இல்லை, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தாள், ஜன்னலில் வெயில், ஏன் இன்று இவ்வளவு லேசாக இருக்கிறது உடம்பு என்று நினைத்தது நினைவிருக்கிறது. காபி கலந்து எடுத்துக்கொண்டு போனாள். அவன் குப்புறப் படுத்திருந்தான், முகம் தலையணையில் புதைந்து. டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள், பதறவில்லை, சிந்தாமல் வைத்தாள், அந்தக் கை ஏன் பதறவில்லை. தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்த நோய்க்காரர்கள் சிலர் இப்படித் தூக்கத்திலேயே போய்விடுவது உண்டு என்று அவளுக்குத் தெரியும், அதைப் பற்றி அவளே ஒரு கட்டுரையின் முதல் பத்தியில் எழுதியிருந்தாள், ஆயிரம் பேரில் இத்தனை பேர் என்று, முதல் பத்தியில் அப்படி ஒன்று எழுதினால்தான் ஈ ஆராய்ச்சிக்குப் பணம் தருவார்கள். டாக்டர் வந்தார், அவன் உணர்ந்திருக்கமாட்டான் மேடம் என்றார். உணர்ந்திருக்கமாட்டான். அப்படியானால் முதலில் அந்த வாடை, அப்புறம் ஒண்ணும் கெடையாது, அப்புறம். அங்கேதான் போய்ப் போய் இடிக்கிறது. அப்புறம் என்ற இடத்தில் அவள் முகம் இருந்திருக்க வேண்டும், அவள் பக்கத்தில் இருந்தபோதெல்லாம் இருந்தது, பஸ் ஸ்டாண்டில் இருந்தது, சித்தி வீட்டு முற்றத்தில் இருந்தது, இந்த லேபின் தரையில் எத்தனை தடவை இருந்தது, அன்றைக்கு ஒருநாள் இல்லை. மாமாதான் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். தென்காசியில் வருகிறவர்கள் எல்லோரும் தெரிந்துதான் வந்தார்கள், அவள் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தலையை ஆட்டினால் போதுமாக இருந்தது.

"மேடம்." ரிஸ்வானா ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்து நின்றாள். குப்பியைப் பார்த்தாள், பொத்தானின் மேல் இருந்த விரலைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "கொடுங்க மேடம்" என்று மெதுவாகக் குப்பியை வாங்கிக்கொண்டாள், உலகம்மாள் எழுந்து இடம் விட்டாள், எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே தோட்டக்காரர் ரப்பர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனார், குழாய் ஓரிடத்தில் மடங்கித் தண்ணீர் நின்றுவிட்டது, அவர் திரும்பிப் பார்த்து உதறினார். முதுகுக்குப் பின்னால் மெஷின் உறுமியது. நின்றது. இப்போது விழுந்திருக்கும். இப்போது துடிக்கும். இப்போது அடங்கியிருக்கும், வயதான ஈ, கூடுதல் நேரம் கிடக்கும். பார்க்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை, பார்க்காவிட்டால் இது இவ்வளவு நீளமா. "ரிஸ்வானா." "மேடம்." "எழுந்துட்டுதா?" "சிலது எழுந்துடுச்சு மேடம்." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப?" "இன்னும் ரெண்டு இருக்கு." தோட்டக்காரர் மடிப்பை நீவிவிட்டார், தண்ணீர் பீறிட்டு அவர் காலிலேயே அடித்தது. "ஒண்ணு எழுந்துடுச்சு மேடம். இன்னும் ஒண்ணுதான். அது அப்படியே கெடக்குது." ரிஸ்வானாவின் குரலும் மாறியிருந்தது, கணக்கெடுக்கிற குரலாக இல்லை. "கால ஆட்டுதா பாரு." "இல்ல மேடம்." "நல்லா பாரு." "பாத்துட்டுத்தான் மேடம் இருக்கேன்." மின்விசிறி சுற்றியது. பிறகு ரிஸ்வானா, "ஆட்டுது மேடம், ஆட்டுது, இருங்க, புரளுது... எழுந்துடுச்சு. எல்லாமே எழுந்துடுச்சு மேடம்" என்றாள். எல்லாமே. உலகம்மாள் சரி என்றாள். சரி, எழுதிக்கோ, அடுத்த குப்பிய வை என்றாள். எல்லாமே எழுந்துகொள்ளும், அவள் லேபில் விழுந்தது எதுவும் எழாமல் போனதே இல்லை, அப்படிப்பட்ட ஈயைத்தான் அவள் பிடித்திருக்கிறது என்று கேட்டு வாங்கினாள்.

மேஜையில் செல்போன் அடித்தது. புது நம்பர். எடுத்தாள். "மேடம், நான் மெடிக்கல் ஷாப்லேருந்து சேவியர் பேசறேன். லிங்கம் சார் நம்பர் ரெண்டு நாளா சுவிட்ச் ஆஃப்னு வருது, உங்க நம்பரும் அவர் எழுதிக் குடுத்திருந்தாரு, அதான்." மெயின் ரோட்டு முனை மருந்துக்கடை. மாதத்துக்கு ஒருமுறை ஷேர் ஆட்டோவில் அவன் தனியாகப் போய்வர அவள் சம்மதித்த ஒரே இடம், போனால் ஒரு மணி நேரம் அந்தக் கடைக்காரரோடு பேசிவிட்டுத்தான் வருவான். "இந்த மாச மாத்திரை வந்துடுச்சு மேடம், இன்னும் வாங்கிக்கல. ஒரு நாள்கூடத் தப்பக்கூடாதுன்னு அவரே சொல்வாரு. பையன்கிட்ட குடுத்தனுப்பட்டுமா?" ரிஸ்வானா மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் தலையை ஆட்டினாள். ஆட்டினால் போனில் தெரியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. "மேடம்? லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேன்" என்றாள். "தம்பி செத்துப்போயிட்டான்." சொல்லிவிட்டாள். சொன்ன குரல் தென்காசிக் குரலாக இருந்தது, லேபில் பேசுகிற குரலாக இல்லை. அந்தப் பக்கம் ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் வந்தது. யாரோ கடையில் இருமல் மருந்து கேட்டார்கள், சேவியர் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. "ஐயோ" என்றார் கடைசியில், "போன மாசம்கூட வந்து உட்கார்ந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எப்போ, எப்படி என்று கேட்டார், அவள் சொன்னாள், ஒவ்வொன்றாக, கேட்டதற்கு மட்டும். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள், அவர் வைக்கவில்லை, தயங்கினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாத்திரைய இங்க வேற யாரும் வாங்கறதில்ல. அவர் ஒருத்தருக்காகத்தான் கம்பெனில சொல்லி வரவழைச்சிட்டிருந்தேன்." "ம்." "அப்போ... இனிமே வரவழைக்க வேண்டாமா மேடம்?" உலகம்மாள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். எந்தச் சபையிலும் எந்தக் கேள்விக்கும் அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. அவர் காத்திருந்தார்.

"வேண்டாம்" என்றாள்.